யுனிக்ஸ் ஷெல்களில் மாற்றுப்பெயர்களின் இடமாற்றம்

யுனிக்ஸ் கணினியில் பயனர் தட்டச்சிடும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல் ஷெல் எனப்படும். நீளமான கட்டளைக்குப் பயனர் தாமே சூட்டிக்கொள்ளும் சுருக்கப் பெயர் மாற்றுப்பெயர் ஆகும். ஷெல்லை மாற்றும்போது இச்சுருக்கங்கள் எல்லாம் அப்படியே உடன்வருவதில்லை. அதற்கான காரணம் 1970களின் இறுதியில் தோன்றிய இரு மரபுகளில் உள்ளது.

பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய போர்ன் ஷெல், 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. அதில் மாற்றுப்பெயர் வசதி இல்லை. அதே காலத்தில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல்லில் அவ்வசதி இருந்தது. முதலில் பெயர், பின் இடைவெளி, பின் கட்டளை என்பது அதன் எழுதுமுறை. பயனர் தரும் சொற்களை ஆச்சரியக்குறி கொண்டு கட்டளையின் நடுவிலும் பொருத்தலாம்.

1983இல் டேவிட் கார்ன் அறிமுகப்படுத்திய கார்ன் ஷெல், போர்ன் மரபுக்கு மாற்றுப்பெயரைக் கொண்டுவந்தது. ஆனால் இடைவெளிக்குப் பதில் சமக்குறி வந்தது. பயனர் தரும் சொற்கள் கட்டளையின் இறுதியில் மட்டுமே சேரும். குனு திட்டத்துக்காக பிரையன் பாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்லும் இம்முறையையே பின்பற்றியது. நடுவில் சொல் வர வேண்டுமானால் செயற்கூறு எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் அடைவுக்குள் சென்று அங்குள்ள கோப்புகளைப் பட்டியலிடும் சி ஷெல் மாற்றுப்பெயரைக் கொள்ளலாம். ஆச்சரியக்குறியை நீக்கி, சமக்குறியை மட்டும் இட்டு அதைப் பாஷில் எழுதினால், அடைவின் பெயர் பட்டியல் கட்டளையோடு சேர்ந்துவிடும். அடைவின் முழுப் பாதை தரப்பட்டிருந்தால் சரியான பட்டியலே திரையில் தெரியும்; பிழைச் செய்தி வராது. பயனரோ தம் முகப்பு அடைவில் நிற்பார். அடுத்து அவர் இடும் அழிப்புக் கட்டளை அங்குள்ள கோப்புகளையே அழிக்கும்.

இதனால் பாஷ் தொகுப்பின் எடுத்துக்காட்டு நிரல்களில், சி ஷெல் மாற்றுப்பெயர்களை மாற்றித்தரும் சிறுநிரல் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. பயனரிடம் சொல் கேட்கும் மாற்றுப்பெயர்களை அது செயற்கூறுகளாகவே எழுதியது.

2003இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3, புதிய கணக்குகளின் இயல்பு ஷெல்லை, சி ஷெல் வழிவந்த டிசி ஷெல்லிலிருந்து பாஷுக்கு மாற்றியது. 2019இல் மேக் ஓஎஸ் கேட்டலினா, பாஷிலிருந்து இசட் ஷெல்லுக்கு மாறியது. முதலாவது மரபு விட்டு மரபு சென்ற மாற்றம். மாற்றுப்பெயர்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது போர்ன் மரபுக்குள்ளேயே நடந்ததால், பெரும்பாலான வரிகளைப் புதிய தொடக்கக் கோப்பில் நகலெடுத்தாலே போதுமானதாயிற்று.