வெளுத்த விரல்கள்

பேனா பிடித்துப் பிழைப்பவன் நான். ஆகையால் கைகளைப் பற்றிய சரித்திரம் எங்கே கிடைத்தாலும் விடுவதில்லை.

1862-ஆம் வருஷம் பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற, முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர், டாக்டர் பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். குளிர் பட்டதும் சிலருடைய விரல்கள் பிணத்தின் விரல்களைப்போல் வெளுத்து மரத்துவிடுகின்றன. பிறகு நீலம் பாரிக்கின்றன. சூடு திரும்பும்போது சிவந்து வலிக்கின்றன. இதைத்தான் அவர் விவரித்தார். நாடகாசிரியர் மோலியேர் காலத்து வைத்தியர்களைப் பற்றியும் புத்தகம் எழுதியவர் என்பதால், எனக்கு அவரிடம் ஒரு தனிப் பிரியம். முதுகுத் தண்டிலுள்ள நரம்பு மையங்கள்தாம் குற்றவாளி என்றார் ரேனோ. பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. விரலில் ஓடும் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களிலேயே கோளாறு உண்டு, குளிரில் அவை அளவு மீறிச் சுருங்குகின்றன என்றார்கள். ஆனாலும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

என் மனம் நிற்பது பாரிஸில் அல்ல. அமெரிக்காவில், இந்தியானா மாகாணத்து பெட்ஃபோர்டில். அங்கே சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளிகள், காற்றின் அழுத்தத்தால் படபடவென்று அடிக்கும் இயந்திரச் சுத்தியல்களைப் பிடித்து வேலை செய்தார்கள். 1918-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார் அவர்களுடைய கைகளைப் பரிசோதித்தார். என்ன ஆச்சரியம்! சுத்தியலைப் பிடித்த வலது கையைவிட, உளியைப் பிடித்த இடது கையில்தான் வெளுப்பு அதிகம். அதிர்வு, இறுக்கமான பிடி, குளிர் மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்று அம்மையார் எழுதினார்.

கைக்கு உறை மட்டும் போதாது, உடம்பு முழுவதையும் கதகதப்பாக வைத்திருக்கவேண்டும், சிகரெட்டை விடவேண்டும் என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள். ரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் போன்ற மருந்தும் உண்டு. என்னைப்போல் நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கு நல்ல யோசனைதான். கல் செதுக்குகிறவன் முதலில் விடவேண்டியது சுத்தியலை அல்லவா? அதை விட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா?

அதிர்வால் வரும் இந்த விரல் வெளுப்பு, பிரிட்டனில் அரசாங்க உதவித்தொகைக்கு உரிய தொழில்நோய்ப் பட்டியலில் ஏறியது 1985-இல். அம்மையார் பெட்ஃபோர்டுக்குப் போய் அப்போது 67 வருஷம் ஆகியிருந்தது. 101 வயது வரை வாழ்ந்த அவர், 1970-லேயே காலமாகிவிட்டார்.