மலைக்காட்டின் அபயக்குரல்

1967 மார்ச்சில் வட கலிபோர்னியாவின் டிரினிட்டி மலைக்காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. தந்தை, தாய், பதின்பருவ மகள் என மூவரும் உயிரோடிருந்தனர். உதவி தேடிப் பனியில் இறங்கிய தந்தை மீளவில்லை. தாயும் மகளும் 54 நாள்கள் உயிர்தாங்கிக் காத்திருந்தனர் என்பதை அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பால் அறிகிறோம். வேட்டைக்குப் போனவர்கள் அவ்விடத்தைக் கண்டபோது அக்டோபர் பிறந்துவிட்டது. உணவின்மையைவிட, இருக்குமிடத்தைச் சொல்ல வழியின்மையே அவர்களது பெருங்குறை என்று நமக்குத் தோன்றுகிறது.

கொலராடோ செனட்டர் பீட்டர் டொமினிக் இக்குறையைக் கையிலெடுத்தார். மோதலின் அதிர்ச்சியில் தானே இயங்கும் அவசர ஒலிபரப்பியைச் சிறு விமானங்களில் கட்டாயமாக்கும் விதி 1970 டிசம்பரில் நிறைவேறியது. அதுவும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் ஓர் ஓரத்தில்! சட்டங்களின் வரலாற்றில் இத்தகைய திண்ணைக் குடித்தனங்கள் உண்டு. பொருத்துவதற்கு அளித்த அவகாசம் முடியுமுன்னே, 1972 அக்டோபர் 16 அன்று, பிரதிநிதிகள் சபைப் பெரும்பான்மைத் தலைவர் ஹேல் பாக்ஸும் உறுப்பினர் நிக் பெகிச்சும் சென்ற விமானம் அலாஸ்காவில் மறைந்தது. 39 நாள்கள் தேடினர். ஒலிபரப்பியின் சிறு முனகல்கூடக் கேட்கவில்லை. விமானம் இன்றுவரை அகப்படவில்லை.

கருவி இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. 121.5 மெகாஹெர்ட்ஸில் அது கூவுவதைக் கேட்க அருகே யாராவது பறந்தாக வேண்டும். ஆளில்லாக் காட்டின் மேல் யார் பறப்பார்? விடை விண்ணிலிருந்து வந்தது. நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதல் சுருதி இறங்குவதை நாம் அறிவோம். அவ்வாறே, கடந்து செல்லும் செயற்கைக்கோளுக்கு ஒலிபரப்பியின் அலைவெண் மாறித் தெரியும். அம்மாற்றத்தைக் கணக்கிட்டால் இடம் புலப்படும். 1970களின் நடுவில் கனடிய ஆய்வாளர்கள் ஆஸ்கார் 6 என்ற அமெச்சூர் வானொலிக் கோளைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்த்தனர்.

பின்னர் நடந்ததுதான் வியப்பு. ஏவுகணைகளால் ஒன்றையொன்று குறிவைத்திருந்த அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், கனடா, பிரான்சுடன் சேர்ந்து 1979இல் உடன்பட்டன. 1982 ஜூன் 30 அன்று காஸ்மாஸ் 1383 ஏவப்பட்டது. அதே செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த விமானமொன்றின் குரலைச் சோவியத் கோள் கேட்டது, மூவர் பிழைத்தனர்.

பழைய அலைவரிசையில் பொய்க்கூக்குரல்கள் மிகுந்ததால், 2009 பிப்ரவரி 1 முதல் கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்தின. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்தே சொல்கிறது. மலையேறிகள் அதைக் கையில் கொண்டுசெல்ல அமெரிக்கா முழுமைக்கும் இசைவு கிடைத்தது 2003 ஜூலையில்தான்.

இந்த வலையின் தரைநிலையங்கள் பெங்களூருவிலும் லக்னோவிலும் உள்ளன. ஆயினும் உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியுடன் இந்தியாவுக்குள் வரும் மலையேறியைக் காவலர் பிடித்துச் செல்லக்கூடும்.