போகாதவர்களின் நகரம், போனவர்களின் நகரம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா லூசியானாவில் கரைகடந்தது. நான்கு வாரம் முடிவதற்குள், செப்டம்பர் 24 அன்று, டெக்சஸ் – லூசியானா எல்லையருகே ரீட்டா கரைகடந்தது. இரண்டுமே மெக்சிகோ வளைகுடாவில் ஐந்தாம் வகைச் சூறாவளியாக வளர்ந்து, மூன்றாம் வகையாகத் தளர்ந்து கரையேறியவை. முதலாவதை எதிர்நோக்கியிருந்த பெருநகரம் நியூ ஆர்லியன்ஸ். இரண்டாவதை எதிர்நோக்கியது ஹூஸ்டன்.

நியூ ஆர்லியன்ஸ் மக்கள் போக வேண்டிய நேரத்தில் போகவில்லை, ஹூஸ்டன் மக்கள் போகத் தேவையில்லாதபோதும் போனார்கள் என்று இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். ஆனால் புயலுக்கு முந்தைய நாட்களை வரிசையாக ஒப்பிட்டால் இரண்டு நகரங்களும் ஒரே இடத்தில் சறுக்கியது தெரிகிறது. யாரை, எந்த ஆபத்திலிருந்து, எதில் ஏற்றி அனுப்புவது என்ற கேள்விக்கு இரண்டிடமும் முழுமையான விடை இல்லை.

நிலம்

நியூ ஆர்லியன்ஸில் ஏறத்தாழ பாதி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வடக்கே பான்சர்ட்ரெயின் ஏரி, தெற்கே மிசிசிப்பி ஆறு. நகரை உலர்ந்த நிலமாக வைத்திருப்பவை கரைகளும் வெள்ளத்தடுப்புச் சுவர்களும் இறைப்பு நிலையங்களும்தான். அவற்றில் ஒன்று உடைந்தாலும் உள்ளே வந்த நீர் தானாக வடியாது. ஆகவே அங்கே தங்குவது என்பதே ஆபத்து.

ஹூஸ்டனின் நிலை வேறு. வளைகுடாக் கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நகரம் அது. கடல் பொங்கி வந்தால் முதலில் மூழ்குவது கால்வெஸ்டன் தீவும் விரிகுடாவை ஒட்டிய ஊர்களும். 1900இல் வந்த புயல் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட தீவு அது. அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிர்களைப் பறித்த புயல் இன்றுவரை இல்லை. ஹூஸ்டனின் பெரும்பகுதிக்குக் காற்றும் மழையும் வரும், கடல் வராது. உறுதியான வீடுள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதே பல தெருக்களில் சரியான ஆயத்தம்.

கெடு

நியூ ஆர்லியன்ஸுக்கு என்ன நேரக்கூடும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. 2004 ஜூலையில் 'பாம்' என்ற கற்பனைப் புயலை வைத்து அதிகாரிகள் ஒத்திகையே பார்த்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பார்கள் என்பது அதன் கணக்கு. இருந்தும், 2005 ஆகஸ்ட் 27 சனிக்கிழமை மேயர் ரே நேகின் விடுத்தது வேண்டுகோள் மட்டுமே. தேசிய சூறாவளி மைய இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்டு அன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். கட்டாய வெளியேற்ற உத்தரவு ஞாயிறு காலையில்தான் வந்தது. புயல் கரைகடக்க அப்போது இருபது மணி நேரமே இருந்தது.

ஹூஸ்டனில் உத்தரவுக்குத் தாமதமில்லை. புதன்கிழமை, செப்டம்பர் 21 அன்றே, தாழ்ந்த கரையோர மண்டலங்களிலிருந்து மக்கள் புறப்படத் தொடங்கிவிட்டார்கள். முதலில் கடலோரம், பிறகு அடுத்த மண்டலம் என்று படிப்படியாக வெளியேற வேண்டும் என்பது திட்டம். அந்த வரிசையைக் குலைத்தது தொலைக்காட்சி. நியூ ஆர்லியன்ஸில் கூரைமேல் நின்று கையசைத்தவர்களின் படங்கள் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தன. ரீட்டாவின் காற்றுவேகம் மணிக்கு 290 கிலோமீட்டர் என்று செய்தி வந்ததும், மண்டலத்துக்குள் இருந்தவர்களோடு மண்டலத்துக்கு வெளியே பத்திரமாக இருந்தவர்களும் வண்டியைக் கிளப்பினார்கள். மேயர் பில் ஒயிட்டும் போகச் சொன்னார். போக வேண்டாதவர் யார் என்பதை அதே அழுத்தத்தோடு யாரும் சொல்லவில்லை.

சாலை

சாலை ஏற்பாட்டில் முந்தியது நியூ ஆர்லியன்ஸ் என்பது பலர் கவனிக்காத செய்தி. 2004இல் ஐவன் புயலின்போது பட்ட நெரிசல் லூசியானாவுக்குப் பாடமானது. கத்ரீனாவுக்குச் சனிக்கிழமை மாலையே, உள்ளே வரும் தடங்களையும் வெளியே போகும் தடங்களாக மாற்றிவிட்டார்கள். பெருநகரப் பகுதியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெளியேறினார்கள். கார் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டம் வெற்றிதான்.

டெக்சஸில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்தார்கள். தடங்களை மாற்றும் ஏற்பாடு முன்கூட்டியே இல்லை. வியாழக்கிழமை நெரிசல் முற்றிய பிறகே உத்தரவிட்டார்கள், அதை நடைமுறைப்படுத்த மேலும் பல மணி நேரம் ஆனது. ஹூஸ்டனிலிருந்து டல்லஸுக்குச் சாதாரணமாக நான்கு மணி நேரம். அன்று பலருக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வெயில் 38 டிகிரியை நெருங்கியது. எரிபொருளை மிச்சம்பிடிக்கக் குளிர்சாதனத்தை அணைத்தார்கள். அப்படியும் தீர்ந்துபோய் வண்டிகள் ஓரங்கட்டி நின்றன. வழியிலிருந்த பெட்ரோல் நிலையங்களும் வறண்டிருந்தன.

வண்டி இல்லாதவர்களும் எழ முடியாதவர்களும்

நியூ ஆர்லியன்ஸில் நான்கில் ஒரு குடும்பத்துக்குக் கார் இல்லை. புயல் வந்ததோ மாதக் கடைசியில்; உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர்களிடம் பெட்ரோலுக்கும் விடுதி அறைக்கும் கொடுக்கக் காசில்லை. அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுசெல்லப் பேருந்துகள் வரவில்லை. நகருக்குள்ளேயே இருந்த சூப்பர்டோம் அரங்கைக் கடைசிப் புகலிடமாகக் காட்டினார்கள். கரைகள் உடைந்து நகரின் 80 விழுக்காடு மூழ்கியபோது, ஆளில்லாத பள்ளிப் பேருந்துகளும் வரிசையாக நீரில் நின்றன. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். கத்ரீனாவின் மொத்தச் சாவு 1,833 என்று நெடுநாள் சொல்லப்பட்டது. தேசிய சூறாவளி மையம் 2023இல் அதை 1,392 என்று திருத்தியது.

ஹூஸ்டனில் முதியவர்களை ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு என்ன என்பதைத்தான் யோசிக்கவில்லை. முதியோர் இல்லத்தவர்களோடு புறப்பட்ட ஒரு பேருந்து பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பின் செப்டம்பர் 23 காலை டல்லஸ் அருகே தீப்பிடித்தது. நோயாளிகளுக்கான ஆக்சிஜன் உருளைகள் உள்ளே வெடித்தன. 23 பேர் இறந்தார்கள். வெயிலில் சுருண்டவர்களையும் சேர்த்தால், டெக்சஸில் அந்த வெளியேற்றத்தில் மாண்டவர்கள் சுமார் நூறு பேர். ரீட்டாவோ கிழக்கே விலகிப் போனது. ஹூஸ்டனுக்குப் பெரிய சேதம் இல்லை. புயல் நேரடியாகக் கொன்றவர்களைவிட அதற்குப் பயந்து கிளம்பிய பயணம் கொன்றவர்களே மிகப் பலர்.

நியூ ஆர்லியன்ஸில் விட்டுவிட்டுப் போனதால் இறந்தவர்களும், ஹூஸ்டனில் தூக்கிக்கொண்டு போனதால் இறந்தவர்களும் பெரும்பாலும் ஒரே வகையினர்: வயதானவர்கள், நோயாளிகள், பிறர் கையை நம்பியிருந்தவர்கள்.

பாடமும் அதன் எல்லையும்

இரண்டு நகரங்களும் கற்றுக்கொண்டன. 2008இல் குஸ்டாவ் வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் வண்டியில்லாதவர்களை முன்கூட்டியே பதிவுசெய்து, குறித்த இடங்களில் திரட்டி, பேருந்திலும் ரயிலிலும் ஏறத்தாழ 18,000 பேரை அனுப்பிவைத்தது. ஹூஸ்டன் பகுதி, அஞ்சல் எண் வாரியாக வெளியேற்ற மண்டலங்களை வரைந்தது. கடல்நீருக்கு அஞ்சி ஓடு, காற்றுக்கு ஒதுங்கிக்கொள் என்பது மக்களுக்குச் சொல்லப்படும் எளிய விதி ஆனது.

அடுத்து வந்த புயல்கள் அந்த விதிகளையும் சோதித்தன. 2017இல் ஹார்வியின்போது ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் ரீட்டாவின் நெரிசலை நினைவூட்டி, வெளியேற்ற உத்தரவு இடவில்லை. வந்தது கடலும் அல்ல, காற்றும் அல்ல. நாட்கணக்கில் நின்று பெய்த மழை. டெக்சஸில் நேரடியாக இறந்த 68 பேரில் பாதிக்கு மேல் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில். ஆனாலும் அவர் முடிவைத் தவறென்று தள்ளிவிட முடியாது. வெள்ளம் ஏறும் சாலைகளில் லட்சக்கணக்கான கார்கள் நின்றிருந்தால் சாவு கூடியிருக்கும்.

2021இல் ஐடா உருவானது முதல் கரைகடந்தது வரை மூன்றே நாள். நியூ ஆர்லியன்ஸ் முழுவதையும் கட்டாயமாக வெளியேற்ற நேரமில்லை என்று மேயர் லடோயா கான்ட்ரெல் அறிவித்தார். கத்ரீனாவுக்குப் பின் 1,450 கோடி டாலர் செலவில் கட்டிய கரைகள் தாங்கின. மின்சாரம் தாங்கவில்லை. இருண்ட நகரத்தில் ஐடாவுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெப்பம். அவர்களிலும் முதியவர்களே அதிகம்.

எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதை ஆயத்தத்தின் அளவுகோலாக வைத்தால் ரீட்டாவின் ஹூஸ்டன்தான் முதலிடம் பெறும். கத்ரீனாவின் நியூ ஆர்லியன்ஸ்கூட மோசமில்லை. இரண்டு மதிப்பெண்ணும் பொய். கிடைக்கும் மணி நேரத்துக்குள் நகரின் மிகவும் மெதுவான ஆளுக்கு ஒரு வழி இருக்கிறதா என்று கேட்பதே சரியான சோதனை. அந்த வழி சிலருக்குப் பேருந்து, சிலருக்கு அடுத்த தெருவிலேயே மின்னாக்கியோடு கூடிய ஒரு குளிர்ந்த கூடம். நடக்க முடிந்தவரும் காரோட்ட முடிந்தவரும் உத்தரவு இல்லாவிட்டாலும் தங்கள் வழியைத் தேடிக்கொள்வார்கள். திட்டத்தை அவர்களிடமிருந்து தொடங்கியதே 2005இல் இரண்டு நகரங்களும் செய்த தவறு.