ஈரோட்டுக் கோட்டையும் காலிங்கராயன் வாய்க்காலும்

துணைவியாரும் நாமும் ஒரு காலைப்பொழுதில் ஈரோட்டைச் சுற்றிப் பார்த்தோம். கனி மார்க்கெட்டின் ஜவுளி வியாபார இரைச்சலைக் கடந்து கோட்டைப் பகுதிக்குச் சென்றால், அங்கே கோட்டை இல்லை. பெயர் மட்டுமே இருக்கிறது.

ஹைதர் அலீ காலத்தில் இவ்வூரில் 3,000 வீடுகளும் 15,000 மக்களும் இருந்தனர் என்பர். மராட்டியர், மைசூரார், ஆங்கிலேயர் என மாறி மாறிப் படைகள் புகுந்ததில் ஊர் ஏறத்தாழ வெறிச்சோடிற்று. அமைதி திரும்பிய ஓராண்டுக்குள் 400 வீடுகளில் மக்கள் குடியேறினர். கோட்டையோ 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், பசித்தோருக்குக் கூலி தரும் நிவாரண வேலையாகத் தரைமட்டமாக்கப்பட்டது.

சிதறிய மக்களை மீண்டும் இங்கே ஈர்த்தது நீர்வளமே என்று கருதுகிறோம். கருங்கல்பாளையம் நோக்கிக் காவிரிப் பக்கம் நடந்தால் காலிங்கராயன் வாய்க்காலைக் காணலாம். பவானி ஆறு காவிரியில் கலக்குமுன் அணை கட்டி, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த வாய்க்கால் இது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து சென்று நொய்யலைச் சேர்கிறது. நெல்லும் கரும்பும் மஞ்சளும் இதன் கொடை.

இத்தனை போர்களுக்குப் பின்னும் நிலைத்த இந்நீரில், பிற்காலத்தில் சாயக் கழிவும் தோல் ஆலைக் கழிவும் கலந்தன. இந்நீரால் வளர்ந்தவர்களே இதைக் கெடுக்கலாமா? அத்தொழில்களில் ஈடுபட்டோர் நம் சமுதாயத்திலும் உளர். முதலில் நாம் சிந்திப்போமாக!