திரைக்கு வெளியே

எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய போட்டோ உண்டு. தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் வீற்றிருக்கிறார். பக்கத்தில் பாட்டி. காலடியில், ஜமக்காளத்தின் மேல், அத்தைகளும் சித்தப்பாக்களும். பின்னால் ஒரு திரை தொங்குகிறது. ஏதோ பெரிய கூடத்தில் எடுத்த படம் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. திரை என்பது வெறும் படுக்கை விரிப்பு. அது முடிகிற இடத்தில், வலது ஓரத்தில், ஒரு பசுவின் பின்பாதி தெரிகிறது! வீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று போட்டோக்காரர் எல்லோரையும் கொல்லைக்கு அழைத்து வந்து, கொல்லையைக் கூடமாக்கப் பார்த்திருக்கிறார். பசு ஒத்துழைக்கவில்லை.

இந்தத் தந்திரம் எங்கள் ஊர்ப் போட்டோக்காரரின் சொந்தக் கற்பனை அல்ல என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போட்டோக் கலை உலகத்துக்கு அறிமுகமான நாலைந்து வருஷங்களுக்குள்ளேயே ஸ்காட்லாந்தில் இரண்டு பேர் இதைக் கையாண்டிருக்கிறார்கள்.

1843-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி. எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மகாசபை கூடியிருந்தது. ஓர் ஊருக்குப் பாதிரியாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊர் ஜனங்களுடையதா, நிலப்பிரபுவினுடையதா என்பது பல வருஷத்து வழக்கு. கோர்ட்டுகள் ஜனங்களின் பக்கம் பேசவில்லை. அன்று பாதிரிமார் பலர் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்களும் அவர்களைப் பின்பற்றியவர்களுமாக 450 பேருக்கு மேல், அதாவது சபையின் பாதிரிமாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், பதவியைத் துறந்து கையெழுத்திட்டார்கள். பதவியோடு சம்பளம் போயிற்று. சபை கொடுத்திருந்த வீடும் போயிற்று. பெண்டு பிள்ளைகளோடு இனி எங்கே குடியிருப்பது என்று தெரியாமலே போட்ட கையெழுத்து அது.

அந்தக் காட்சியைக் கண்டு உருகிப் போனவர்களில் ஒருவர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியர். அத்தனை பேரையும் ஒரே படத்தில் தீட்டிவிடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டார். ஆனால் நானூறு முகங்களை எப்படி வரைவது? நாலு நாளில் அவரவர் ஊருக்குக் கலைந்துவிடுவார்களே! விஞ்ஞானி டேவிட் பிரூஸ்டர் ஒரு யோசனை சொன்னார்: "போட்டோ பிடித்து வைத்துக்கொண்டு சாவகாசமாக வரையலாம்." அதற்கு ஆளையும் அவரே காட்டினார். ராபர்ட் ஆடம்ஸன், வயது 22. எஞ்சினீயராக விரும்பி, உடம்பு இடம் கொடாததால் போட்டோத் தொழிலுக்கு வந்த பிள்ளை.

ஆடம்ஸன் கால்ட்டன் குன்றின்மேல் 'ராக் ஹவுஸ்' என்ற வீட்டில் தொழில் தொடங்கியிருந்தார். அந்நாளில் காகிதத்தையே நெகடிவாகப் பயன்படுத்துவார்கள். நல்ல வெயிலில்கூட, படம் பிடிக்க உட்கார்ந்தவர் நிமிஷக் கணக்கில் ஆடாமல் அசையாமல் இருந்தாக வேண்டும். வீட்டுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே நாற்காலியும் மேஜையும் தோட்டத்துக்கு வந்தன. பின்னால் திரை கட்டினார்கள். மேஜையில் புத்தகங்களை அடுக்கினார்கள். பாதிரியார் ஒருவர் தம் படிப்பறையில் சிந்தனையில் ஆழ்ந்திருப்பது போல ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிந்தனைக்காக மட்டும் அல்ல. தலை ஆடாமல் இருக்கவும் அந்தக் கை உதவியது.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சை என்னவோ செய்கிறது. வீட்டை இழந்துவிட்டு வந்த மனிதர்களை, வீட்டுக்குள் இருப்பது போல, வெட்டவெளியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜோடனையெல்லாம் அறையைச் சொல்கிறது. இடுங்கிய கண்களும் கன்னத்தில் அழுத்தமாக விழுந்த நிழலும் ஆகாயத்தைச் சொல்கின்றன.

ஹில்லும் ஆடம்ஸனும் இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுத வந்திருக்க மாட்டேன். சில காலத்தில் அவர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வெளியே கிளம்பினார்கள். முதலில் சொல்ல வேண்டியது கிரேஃபிரையர்ஸ் என்ற கல்லறைத் தோட்டம். படம் பிடித்துக்கொள்ள இதுவா இடம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கையை உதறுவார்கள். ஆனால் கல் அசையாது. அதன்மேல் சாய்ந்து நிற்பவரும் அசைய வேண்டியதில்லை. இரைச்சல் இல்லை, கூட்டம் இல்லை. அதோடு, 1638-இல் அரசனின் மதக் கட்டளையை எதிர்த்து ஸ்காட்லாந்து ஜனங்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இடம் அந்தக் கோயில்தான். பதவி துறந்த பாதிரிமார் தங்கள் முன்னோர் என்று கொண்டாடியவர்கள் அவர்கள். அங்கே திரை கட்ட வேண்டிய அவசியம் ஏது?

அடுத்தது நியூஹேவன் என்ற மீனவக் குப்பம், எடின்பரோவுக்கு வடக்கே கடலோரத்தில். ஆண்கள் படகில் போவார்கள். பெண்கள் முதுகில் மீன் கூடையைச் சுமந்து நகரத்துக்கு நடந்து போய் விற்றுவருவார்கள். அவர்களை ஹில் பாசாங்கு எதுவும் செய்யச் சொல்லவில்லை. கரையேற்றிய படகின்மேல் சாய்ந்து நிற்கிறார் ஒருவர். இன்னொருவர் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுக்கிறார். பட்டைக் கோடு போட்ட பாவாடையில் கூடைகளோடு பெண்கள். அப்பாவின் பெரிய கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பையன்! கட்சி மாறிய பாதிரியார் ஒருவர் மீன்காரிகளின் நடுவே இருக்கும் படமும் உண்டு. மேஜையும் புத்தகமும் இல்லாமலே அவர் யார் என்று தெரிகிறது. 1844-இல் இந்த மீனவர் படங்களை ஒரு புத்தகமாகப் போடுவதாக விளம்பரம் செய்தார்கள். அது வெளிவரவே இல்லை.

1848 ஜனவரியில் ஆடம்ஸன் இறந்துபோனார். வயது 26. நாலரை வருஷத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில். ஹில் தம் பெரிய ஓவியத்தை 1866-இல்தான் முடித்தார். 23 வருஷ உழைப்பு, 11 அடிக்கு மேல் நீளம், 457 முகங்கள். கூட்டத்தின் நடுவே, காமிராவோடு, இறந்துபோன நண்பனையும் வரைந்து வைத்திருக்கிறார். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஓவியத்தைப் பார்த்தால் எனக்கு நவராத்திரிக் கொலுதான் ஞாபகம் வருகிறது. அதற்குக் குறிப்பாக எடுத்த போட்டோக்களைத்தான் இன்று உலகம் போற்றுகிறது. ஜெர்மானிய எழுத்தாளர் வால்ட்டர் பெஞ்சமின் 1931-இல் எழுதிய கட்டுரையில் நியூஹேவன் மீன்காரி ஒருத்தியின் படத்தைப் பற்றிப் பேசுகிறார். ஓவியமானால், ஓரிரு தலைமுறைக்குப் பிறகு வரைந்தவரைப் பற்றித்தான் கேட்போம். இந்தப் படமோ, இவள் யார், எப்படி வாழ்ந்தாள் என்று கேட்க வைக்கிறது என்பது அவர் கருத்து.

இப்போது குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள மலைக்கும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போகிறார்கள். போகட்டும்; வெயிலின் சாய்வைப் பார்த்து இடம் தேடுவதும் நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் போட்டோவை ஒரு சமயம் அத்தையிடம் காட்டினேன். ஜமக்காளத்தில் இருந்தவர்களில் அப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். தன்னைக் காட்டப் போகிறாள், அல்லது தாத்தாவைக் காட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். விரல் நடுங்கிக்கொண்டே வலது ஓரத்துக்குப் போயிற்று.

"நம்ம லட்சுமிடா! அப்போ சினையா இருந்தா" என்றாள்.