ஜாவா 1.8-க்கு அப்புறம் 9 ஏன்?

வேலைக்குச் சேர்ந்த புதுசில் எனக்கு ஒரு குழப்பம். சீனியர்கள் "ஜாவா 5" என்பார்கள். கமாண்ட் கொடுத்துப் பார்த்தால் 1.5 என்று வரும். ரெண்டும் ஒண்ணுதான் என்று புரியவே கொஞ்ச நாள் ஆச்சு.

ஜாவா 1.0 வந்தது 1996 ஜனவரியில். 1998 டிசம்பரில் வந்த 1.2-க்கு சன் நிறுவனம் 'ஜாவா 2' என்று விற்பனைப் பெயர் வைத்தது. 2004-ல் வந்த 1.5 வெளியுலகுக்கு 5.0. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் மாதிரி.

எண்ணைவிடப் பெரிய தலைவலி, தேதி. திட்டமிட்ட பெரிய வசதிகள் முடிந்தால்தான் வெளியீடு என்பது அன்றைய வழக்கம். ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில். 7 வர 2011 ஜூலை ஆகிவிட்டது. இடையில் 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதே வருடம் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெயின்ஹோல்ட் இரண்டு வழிகளை முன்வைத்தார். எல்லாம் முடியட்டும் என்று 2012 வரை காத்திருக்கலாம். அல்லது லாம்டாவையும் 'ஜிக்சா' என்ற மாட்யூல் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு 2011-லேயே வெளியிடலாம். இரண்டாவதுதான் தேர்வானது. லாம்டா 2014 மார்ச்சில் ஜாவா 8-ல் வந்தது. ஜிக்சா அதிலும் ஏறவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டு ஜாவா 9 வருவதற்குள் 2017 செப்டம்பர் ஆகிவிட்டது. கூட வரவேண்டிய மற்ற வசதிகளும் அதுவரை காத்துக் கிடந்தன.

அந்த செப்டம்பரிலேயே ரெயின்ஹோல்ட் வேறு யோசனை சொன்னார்: மார்ச், செப்டம்பர் என ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. தயாரான வசதி ஏறும், மற்றது அடுத்த வண்டிக்கு நிற்கும். எண்ணையும் 18.3 என்று ஆண்டு, மாதமாக வைக்கலாம் என்றார். அது எடுபடவில்லை. 2018 மார்ச்சில் வந்தது வெறும் 10.

இதில் மனித சுபாவம் ஒன்று இருக்கு பாருங்க. அடுத்த பஸ் மூணு வருஷம் கழித்துத்தான் என்றால், டிரைவரை நிறுத்தி வைத்தாவது ஏறப் பார்ப்போம். ஆறு மாசத்தில் இன்னொன்று உண்டு என்றால், அரைகுறை வேலையோடு யாரும் முண்டியடிக்க வேண்டியதில்லை.

ஆனால் பயன்படுத்துகிறவர் பாடு வேறு. 9-ல் முன்னால் இருந்த "1." போனதும், அதற்கு அடுத்த எண்ணைப் பிடுங்கிப் பார்க்கும் நிரல்கள் தடுமாறின. நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்டும் அப்படித்தான் விழுந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவது பல பெரிய நிறுவனங்களுக்குக் கஷ்டம். அதனால்தான் 11, 17, 21 போன்ற சிலவற்றுக்கு மட்டும் நீண்டகால ஆதரவு. பலர் அந்த நிறுத்தங்களில்தான் ஏறுகிறார்கள். நான் பார்த்த ஒரு புராஜெக்ட் இன்னும் 8-லேயே உட்கார்ந்திருக்கு.