தேடுதலும் துருவுதலும்

ஓர் ஆளைத் தேடுவதற்கு அரபு மொழியில் இரு சொற்கள் உள. யூசுஃபைத் தேடி வருமாறு யஃகூப் நபி (அலை) தம் மக்களைப் பணித்த இடத்தில் திருமறை ஆள்வது ‘தஹஸ்ஸுஸ்’ என்னும் சொல்வழக்கு. பிறர் மறைவைத் துருவுதல் விலக்கப்படும் இடத்தில் வருவது ‘தஜஸ்ஸுஸ்’. எழுத்தளவில் இரண்டிற்கும் வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. முன்னது பெரும்பாலும் நல்ல தேட்டத்தையும், பின்னது தீய துருவலையும் குறிக்கும் என்பார் விரிவுரையாளர் இப்னு கதீர். இவ்விரண்டையும் பிரித்தறியாது விலைக்கு விற்றால் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு சான்று பகர்கிறது.

1878ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் இருந்தவை 50 பதிவுகளே. பின்னர் அத்தகைய பட்டியல்கள் பெருநூல்களாயின. நிலப்பதிவுகளும் வழக்குப் பதிவுகளும் எவரும் பார்க்கத் தக்கனவாய் அந்நாட்டு அலுவலகங்களில் இருந்தன. ஆயினும் ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்ட விரும்புவோர் அலுவலகந்தோறும் அலைய வேண்டும். அந்த அலைச்சலே மக்களுக்கு மதிலாக நின்றது.

அம்மதிலில் விழுந்த பிளவை 1989இல் உலகம் கண்டது. ரெபெக்கா ஷேஃபர் என்னும் 21 வயது நடிகை லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி தனியார் துப்பறிவாளர் வழியாகக் கலிபோர்னிய மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து அவர் முகவரியைப் பெற்றிருந்தான். அத்தகைய பதிவுகளை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் 1994இல் பிறந்தது.

அதற்குள் இணையம் வந்துவிட்டது, அலைச்சலும் ஒழிந்தது. 1999இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நாஷுவா நகரில் இளம்பெண் ஒருவர் பணி முடித்துப் புறப்படுகையில் கொல்லப்பட்டார். அவரது பணியிடத்தைக் கொலையாளி இணையவழித் தகவல் வணிகரிடம் விலைக்கு வாங்கியிருந்தான். அவ்வணிகருக்காக வேலை செய்தவர் அப்பெண்ணையே தொலைபேசியில் அழைத்து, பொய்க்காரணம் கூறி, அவர் வாய்மொழியாகவே அதனை அறிந்திருந்தார்! தகவலை விற்பவர் அத்தகவலுக்கு உரியவரின் பாதுகாப்பையும் கருதக் கடமைப்பட்டவர் என 2003இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தகவல் வணிகர் அனைவரிடமிருந்தும் தம் விவரங்களை நீக்குமாறு ஒரே விண்ணப்பத்தில் கோர வழிசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 2023இல் இயற்றியது. அவ்வழி 2026 ஜனவரியில் திறந்தது.

‘ஊரறிந்த செய்திதானே, இதில் மறைவென்ன?’ என வினவுவோர் உளர். வீட்டு முகவரியை அண்டை அயலார் அறிவர். பணி முடியும் நேரத்தை உடன் பணிபுரிவோர் அறிவர். தனித்தனியே இருக்கும்வரை அவை தீங்கற்றவை. அந்நியன் ஒருவன் கையில் ஒருசேரச் சேர்கையிலோ, அவையே வாயிலைத் திறக்கும் சாவியாகின்றன. தேடுபவரும் தப்புவதில்லை, தாம் தேடிய பெயரையும் பணம் செலுத்திய தடத்தையும் அவ்வணிகரிடமே விட்டுச் செல்கிறார்.

பிரிந்த உறவினரை நாடுவோரும் அக்கடைக்கு வருவர். வஞ்சம் தீர்க்க நினைப்போரும் வருவர். இயந்திரம் நோக்கத்தை அறியாது. வாங்குவோனை வினவும் கடமை விற்பவனுக்கு உண்டு. தன் உள்ளத்தை வினவும் கடமை தேடுபவனுக்கு உண்டு.